மனநல சிகிச்சைக்குப் போறீங்களா..? சட்டம் உங்களுக்குத் தரும் உரிமைகள் இவைதான்!

'ராத்திரி தூக்கமே வரலை. யார்கிட்டயும் பேசப் பிடிக்கலை. டாக்டரைப் பார்க்கலாம்னு தோணுது. ஆனா, ஆபீஸுக்குத் தெரிஞ்சுட்டா? வீட்டுல புடிச்சு அட்மிட் பண்ணிட்டா?'

மனநல மருத்துவரைப் பார்ப்பதைப் பலர் தள்ளிப்போட, நோயைவிட இந்தப் பயம்தான் காரணமாக இருக்கிறது. உண்மையில், இந்தக் கேள்விகளுக்கெல்லாம் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. அதுதான் 'மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017'. 2018 மே மாதம் முதல் அமலில் இருக்கிறது.

'எனக்கு மனநோய்'னு யார் முடிவு பண்றது?

வீட்டில் இருப்பவர்களோ, அக்கம்பக்கத்தினரோ முடிவு செய்ய முடியாது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களின்படிதான் தீர்மானிக்க வேண்டும். வேறு சாதியில் காதலிப்பது, சாமி கும்பிட மறுப்பது, ஊர் வழக்கத்துக்கு மாறாக வாழ்வது... இதையெல்லாம் காரணம் காட்டி ஒருவரை மனநோயாளி என்று சொல்ல முடியாது. முன்பு எப்போதோ சிகிச்சை எடுத்தார் என்பதை மட்டும் வைத்தும் இப்போது நோயாளி என்று முடிவு கட்டக் கூடாது.

வீட்டுல சொன்னா அட்மிட் பண்ணிடுவாங்களா?

18 வயது நிரம்பியவர் தானாக வந்து அட்மிட் ஆனால், அவருடைய சம்மதத்துடன்தான் சிகிச்சை. 'வீட்டுக்குப் போகணும்' என்று அவர் கேட்டால் டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும். ஆபத்து இருப்பதாக மருத்துவருக்குத் தோன்றினால், பரிசோதிப்பதற்காக 24 மணி நேரம் வரை நிறுத்திவைக்கலாம்.

சம்மதம் இல்லாமலும் அட்மிட் செய்ய முடியும். ஆனால், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் ஆபத்து இருக்க வேண்டும்; அல்லது, தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலையில் இருக்க வேண்டும். அப்போதும் ஒரு மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். முதல் கட்டமாக அதிகபட்சம் 30 நாள்கள்தான். இந்தத் தகவலை மனநல சீராய்வு வாரியத்துக்கு 7 நாள்களுக்குள் மருத்துவமனை தெரிவிக்க வேண்டும். பெண்கள், சிறார்கள் என்றால் 3 நாள்களுக்குள். அட்மிஷனை எதிர்த்து அந்த வாரியத்தில் நீங்கள் முறையிடலாம்.

ஆபீஸுக்குத் தெரிஞ்சுடுமா?

உங்கள் அனுமதி இல்லாமல் சிகிச்சை விவரங்களை உங்கள் மேனேஜரிடமோ, பெண் பார்க்க வந்தவர்களிடமோ மருத்துவர் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்களில் மட்டும் விதிவிலக்கு உண்டு. உங்கள் போட்டோவை மீடியாவுக்குக் கொடுப்பதும் குற்றம். மறுபக்கம், உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பார்க்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. உடல் நோய்க்கு இன்ஷூரன்ஸ் கிடைப்பதைப்போலவே மனநோய்க்கும் கிடைக்க வேண்டும் என்கிறது சட்டம்.

கட்டிப்போடுறது, ஷாக் கொடுக்கிறது..?

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்துபோனார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் எழுந்து ஓடக்கூட முடியவில்லை. இன்று, எந்த வகையிலும் சங்கிலியால் கட்டிப்போடுவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. மயக்க மருந்தும், தசைகளைத் தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின்னதிர்ச்சி சிகிச்சை கொடுப்பதற்கும் தடைதான்.

நல்லா இருக்கும்போதே எழுதி வைங்க!

இந்தச் சட்டத்தில் பலருக்கும் தெரியாத விஷயம் இது. '‘நாளைக்கு என்னால முடிவெடுக்க முடியாமப்போனா, எனக்கு இப்படிச் சிகிச்சை கொடுங்க, இது வேண்டாம், என் சார்பா இவர் பேசட்டும்' என்று 18 வயது நிரம்பிய யாரும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். பிரதிநிதியாக அப்பா, அம்மாதான் இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் நம்பும் நண்பராகவும் இருக்கலாம். அவர் சம்மதிக்க வேண்டும். அவசர சிகிச்சைக்கு மட்டும் இது பொருந்தாது.

உரிமையை மீறினால்..?

மனநல சீராய்வு வாரியத்தில் புகார் கொடுக்கலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், இலவச சட்ட உதவி பெறவும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தை அணுகலாம்.

இந்தச் சட்டம் குடும்பத்துக்கு எதிரானதல்ல. உங்களை அழைத்துப்போகிற அக்காவோ, நண்பரோ பக்கத்தில் இருக்கட்டும். ஆனால், டாக்டர் முன்னால் 'எனக்கு என்ன பிரச்னை, என்ன மருந்து தர்றீங்க, இதுக்கு என்ன பக்கவிளைவு?' என்று கேட்க வேண்டியது நீங்கள்தான். பதில் சொல்ல வேண்டியது அவர்களின் கடமை.

இன்னைக்கே யார்கிட்டயாவது பேசணும்னு தோணுதா? 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடுங்க. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.