சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்கள்

சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்கள், சேலம் மாவட்டத்தில் ஏற்காட்டைச் சுற்றி அமைந்தவை. 1820களில் ஓர் ஆங்கிலேய ஆட்சியரின் முயற்சியால் தொடங்கிய காப்பிப் பயிர், பின்னர் ஐரோப்பியத் தோட்டக்காரர்களின் தொழிலாக வளர்ந்தது. இன்று பெரும்பாலும் குடும்பங்கள் நடத்தும் தோட்டங்களில் நிலைபெற்றுள்ளது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் விளைந்தும், இம்மலையின் காப்பி நெடுங்காலம் தன் பெயரில் விற்கப்படவில்லை. அந்தப் பெயர் எப்படி மறைந்தது, இப்போது எப்படித் திரும்பி வருகிறது என்பதே இத்தோட்டங்களின் வரலாற்றில் முக்கியமான பகுதி.

மலையும் மண்ணும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சேர்வராயன் மலை, சேலம் சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுகிறது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை ஏற்காட்டுக்குச் செல்கிறது. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பர். மலையின் உச்சியில் சேர்வராயன் கோயில் உள்ளது. அதன் உயரம் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல்.

உலகில் பெயர் பெற்ற காப்பி நிலங்கள் பல எரிமலை மண்ணில் அமைந்தவை. குவாத்தமாலாவின் ஆன்டிகுவா, இந்தோனேசியாவின் ஜாவா ஆகியவை அதற்கு எடுத்துக்காட்டுகள். சேர்வராயன் மலை அவ்வகையன்று. இது சார்னோக்கைட் எனப்படும் மிகப் பழைய கடும்பாறையால் ஆனது. பாறை காலப்போக்கில் சிதைந்து செம்மண்ணும், மேற்பரப்பில் பாக்சைட்டும் உருவாயின. இந்தப் பாக்சைட்டை மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பல ஆண்டுகள் வெட்டியெடுத்தனர். எரிமலைச் சாம்பலின் வளம் இல்லாத இம்மண்ணில் காப்பிக்கு உரமாவது நிழல் மரங்களின் இலைமக்கே. உயரமும் குளிர்ச்சியும் அரபிக்கா வகைக்கு ஏற்றவை.

மலையின் மக்கள்

காப்பி வருவதற்கு முன்பே இம்மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்ந்துவந்தனர். கேரள மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் அமைந்த பெயர் இது. இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழியினர் என்பது இவர்களின் மரபுக் கதை. அவர்களில் பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினர் என்கிறது அக்கதை. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை இவர்களின் பயிர்கள். காப்பித் தோட்டங்கள் பெருகியபோது இவர்களுள் பலர் தோட்டங்களில் பழம் பறிக்கும் கூலிகளாயினர். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி இன்றும் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதியாகும்.

தொடக்கம்

தென்னிந்தியாவில் காப்பியின் கதை கர்நாடகத்தின் பாபாபுதன் மலையில் தொடங்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் சூஃபி துறவி பாபா புதன், மெக்கா சென்று திரும்பும்போது ஏமனிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்தார் என்பது மரபு. சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் எம். டி. காக்பர்ன். இவர் 1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக இருந்தார். காப்பியுடன் பேரி, ஆப்பிள் போன்ற பழ மரங்களையும் இங்கு நட்டார். ஏற்காட்டின் கிரேஞ்ச் தோட்டம் இவர் பெயருடன் இணைத்துப் பேசப்படுகிறது. காக்பர்ன் குடும்பம் பின்னர் நீலகிரியின் கோத்தகிரிப் பகுதியிலும் காப்பி பயிரிட்டது.

ஆட்சியரின் தோட்டப் பயிராக இருந்தது அடுத்த தலைமுறையில் தொழிலாயிற்று. ஐரோப்பியர் காட்டை வாங்கித் திருத்திக் காப்பி நட்டனர். தொடக்கத்தில் மூட்டைகள் மலைப்பாதை வழியே கால்நடையாகக் கீழே இறங்கின. 1860களில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிய ரயில் பாதை சேலம் வழியாகச் சென்றபின் துறைமுகம் எளிதில் எட்டக்கூடியதாயிற்று.

நோய்களும் நிழல் மரங்களும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டு இடர்கள் தென்னிந்தியக் காப்பியைத் தாக்கின. முதலாவது தண்டுத் துளைப்பான் வண்டு. 1860களில் குடகில் பெருஞ்சேதம் விளைவித்த இவ்வண்டு, வெயில் படும் செடிகளின் தண்டில் முட்டையிடும். புழு தண்டைக் குடைந்து செடியையே கொன்றுவிடும். இரண்டாவது இலைத்துரு நோய். 1869இல் இலங்கையில் காணப்பட்ட இந்தப் பூஞ்சை, சில ஆண்டுகளில் தென்னிந்தியாவுக்கும் பரவியது. இலங்கைத் தோட்டங்கள் காப்பியைக் கைவிட்டுத் தேயிலைக்கு மாறின. நீலகிரியிலும் தேயிலை மேலோங்கியது.

சேர்வராயன் மலையில் காப்பி நிலைத்தது. நீலகிரியின் உயரமும் மழையும் இங்கில்லாததால் தேயிலை அதன் இடத்தைப் பிடிக்கவில்லை. வண்டிலிருந்து காக்க நிழல் தேவை என்ற பாடத்தைத் தோட்டக்காரர்கள் கற்றனர். சில்வர் ஓக் மரங்கள் நடப்பட்டன. அவற்றின்மீது மிளகுக்கொடி ஏறியது. இடையிடையே ஆரஞ்சும் பலாவும் வளர்ந்தன. காப்பி விலை வீழ்ந்த ஆண்டுகளில் குடும்பத்தைத் தாங்கியது மிளகு வருமானமே. சிறு தோட்டங்கள் பிழைத்ததற்கு இந்தக் கலப்புப் பயிர்முறை ஒரு முக்கியக் காரணம்.

1925இல் கர்நாடகத்தின் பாலேஹொன்னூரில் காப்பி ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. துருவைத் தாங்கும் எஸ்.795 வகை 1940களில் அங்கிருந்து வெளிவந்து தென்னிந்தியா முழுவதும் பரவியது. பின்னர் காவேரி, சந்திரகிரி ஆகிய வகைகள் வந்தன.

பொதுத் தொகுப்புக் காலம்

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டதால் காப்பி விலை சரிந்தது. தோட்டக்காரர்களைக் காப்பாற்ற அரசு 1940இல் அவசரச் சட்டமும், 1942இல் காப்பிச் சட்டமும் கொண்டுவந்தது. அதன்படி விளைச்சல் முழுவதையும் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்கும் விதைக்கும் மட்டும் சிறிதளவு வைத்துக்கொள்ளலாம். வாரியம் ஏலத்தில் விற்று, பணத்தைத் தவணைகளாகத் தரும்.

இந்த ஏற்பாடு போர்க்காலத்தில் பல தோட்டங்களை அழிவிலிருந்து காத்தது. நாடு விடுதலை பெற்றபின் ஐரோப்பியர் விற்றுச் சென்ற தோட்டங்களை வாங்கிய இந்தியக் குடும்பங்களுக்கும் உறுதியான சந்தை கிடைத்தது. ஆனால் தொகுப்பில் சேர்ந்த கொட்டை, தோட்டத்தின் அடையாளத்தை இழந்தது. பழுத்த பழத்தை மட்டும் பொறுக்கிப் பறித்தவரின் காப்பியும், காயும் பழமுமாக உருவியவரின் காப்பியும் ஒரே தரப் பெயரில் ஏலத்துக்குப் போயின. தரத்துக்கேற்ற வேறுபாடு விலையில் இருந்தாலும், அந்தக் காப்பி எந்த மலையில் விளைந்தது என்பதைக் குடிப்பவர் அறிய வழியில்லை. கும்பகோணத்திலும் சென்னையிலும் சிக்கரி கலந்து வடிகட்டிக் குடித்த காப்பியில் ஏற்காட்டின் பங்கும் இருந்திருக்கும். அதன் பெயர் இருக்கவில்லை.

சந்தை திறந்த பின்

1990களில் தொகுப்பு முறை படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 1996இல் முற்றிலும் நீங்கியது. அதுமுதல் விளைவித்தவரே வாங்குபவரைத் தேட வேண்டியதாயிற்று. இதன் மறுபக்கமாக, உலகச் சந்தையின் ஏற்றத்தாழ்வு நேரடியாகத் தாக்கியது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் விலை கடுமையாக வீழ்ந்தபோது பல குடும்பங்கள் திணறின.

இச்சூழலில் சிறப்புத்தரக் காப்பி ஒரு வழியாக அமைந்தது. சுவைப் பரிசோதனையில் 100க்கு 80 புள்ளிகளுக்கு மேல் பெறும் காப்பி இவ்வகையில் சேரும். இதற்கு உழைப்பு கூடுதல். ஒரே செடியில் பழங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுப்பதால் பலமுறை பறிக்க வேண்டும். தோல் நீக்கி, புளிக்கவைத்து, கழுவி, மேடைகளில் மெல்லப் பரப்பி உலர்த்த வேண்டும். சேர்வராயன் மலைக்கு வடகிழக்குப் பருவமழையும் உண்டு. பழம் பழுக்கும் காலத்தில் பெய்யும் மழை உலர்த்துவதைக் கடினமாக்குகிறது. எனினும் ஏற்காட்டின் ரிவர்டேல் போன்ற தோட்டங்களின் பெயர்கள் இன்று காப்பி வறுப்போரின் பைகளில் அச்சாகின்றன. 1942இல் மறையத் தொடங்கிய தோட்ட அடையாளம் இவ்வாறு மீண்டுள்ளது.

தற்போதைய நிலை

2019இல் இந்தியாவின் ஐந்து காப்பி வகைகள் புவிசார் குறியீடு பெற்றன. குடகு, சிக்மகளூர், பாபாபுதன் மலை, வயநாடு, அரக்கு ஆகியவை அந்த ஐந்து இடங்கள். அவற்றில் தமிழ்நாட்டுக் காப்பி எதுவும் இல்லை. ஆந்திரத்தின் அரக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்ததே. அங்கு விளைவிப்போர் பழங்குடிச் சிறு விவசாயிகள். அவர்களின் காப்பி 2017 முதல் பாரிஸ் நகரில் தனிக் கடையில் தன் பெயரிலேயே விற்கப்படுகிறது. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையிலும் மலையாளிப் பழங்குடியினர் மிளகுடன் காப்பி பயிரிடுகின்றனர். ஆனால் அவர்களின் விளைச்சல் பெரும்பாலும் மலையின் பெயரின்றியே வணிகர் கைக்குச் செல்கிறது.

ஏற்காட்டில் பழம் பறிக்க ஆள் கிடைப்பது அரிதாகிவருகிறது. தண்டுத் துளைப்பான் இன்றும் அரபிக்காவின் முதன்மை எதிரி. மார்ச், ஏப்ரலில் பெய்யும் பூ மழை தவறினால் அவ்வாண்டின் விளைச்சல் குறையும். சுற்றுலா வளர்ச்சியால் நிலத்தின் மதிப்பு காப்பி தரும் வருமானத்தைவிடப் பல மடங்கு உயர்ந்துள்ளது. தோட்டத்தை விற்று விடுதி கட்ட விடுவதா, நிழல் மரங்களுடன் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதா என்ற கேள்வியைப் பல குடும்பங்கள் எதிர்கொள்கின்றன. நிழல் மரங்கள் வெட்டப்பட்டால் காப்பியோடு மிளகும், மலையின் ஊற்றுகளும், பறவைகளும் குறையும். பெயருடன் விற்கப்படும் காப்பிக்குக் கிடைக்கும் கூடுதல் விலை, தோட்டத்தைத் தோட்டமாகவே வைத்திருக்க இக்குடும்பங்களுக்கு உள்ள வழிகளில் ஒன்றாகும். அந்த விலையில் பழம் பறிக்கும் மலையாளி மக்களுக்கும், கொல்லிமலைச் சிறு விவசாயிகளுக்கும் எவ்வளவு பங்கு சேரும் என்பது இனி எழுதப்பட வேண்டிய பகுதி.