கலவரம் என்னும் சொல்லும் காப்புறுதிப் பத்திரமும்

வரலாறு போர்க்களங்களிலும் அரசவைகளிலும் மட்டும் எழுதப்படுவதன்று. கடன் முறிகளிலும், குத்தகைச் சீட்டுகளிலும், காப்புறுதிப் பத்திரங்களின் அடியிற் சிற்றெழுத்தில் அச்சிடப்படும் விதிகளிலும் அது எழுதப்படுகிறது. ஒரு சமுதாயம் எவருடைய உடைமையைப் பாதுகாக்கிறது, எவருடைய உடைமையைத் தீக்கு விட்டுவிடுகிறது என்பதை அறிய விரும்புவோர் அச்சிற்றெழுத்தைப் பொறுமையுடன் வாசித்தல் வேண்டும். 1921 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் துல்சா நகரில் நிகழ்ந்ததை நாம் இங்கு எடுத்துக்கொள்வது இக்காரணம் பற்றியே.

துல்சா, ஒக்லஹோமா மாநிலத்திலுள்ள எண்ணெய் நகரம். 1905 இல் அதன் அண்மையில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டதும் சிற்றூராக இருந்த அது சில ஆண்டுகளிற் பெருநகராயிற்று. 1907 இல் மாநிலமாக அங்கீகாரம் பெற்ற ஒக்லஹோமாவின் சட்டசபை இயற்றிய முதற் சட்டங்களுள் ஒன்று, புகையிரதத்திலும் நிலையத்திலும் கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் பிரித்துவைக்கும் சட்டமாகும். நகரின் வடபுறத்தே, புகையிரதப் பாதைக்கு அப்பால், கிறீன்வூட் என்னும் பகுதியில் ஏறக்குறைய 10,000 கறுப்பினத்தவர் வாழ்ந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் வெள்ளையர் வீடுகளிற் சமையலும் சலவையும் செய்தோர், வாகனமோட்டியோர், கூலியுழைப்பாளர். அவர்கள் பெற்ற கூலி கிறீன்வூட்டின் கடைகளிலேயே செலவாயிற்று; வெள்ளையர் கடைகளில் அவர்களுக்குச் சமமதிப்பு இல்லாமையே அதற்குக் காரணம். இவ்வாறு ஒதுக்கலின் விளைவாகவே அங்கு ஹோட்டல்களும், படமாளிகைகளும், பத்திரிகைகளும், வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் கொண்ட ஒரு சிறு வணிக வர்க்கம் தோன்றிற்று.

1921 மே 30 ஆம் திகதி, சப்பாத்துத் துடைக்கும் தொழிலாளியான ஒரு கறுப்பின இளைஞன், கட்டடமொன்றின் மின்தூக்கியில் வெள்ளைப் பெண்ணொருத்தியிடம் தகாதவாறு நடந்துகொண்டான் என்று பழி எழுந்தது. மறுநாள் அவன் கைதானான்; மாலைப் பத்திரிகையொன்று செய்தியைப் பரபரப்பாக வெளியிட்டது; நீதிமன்றக் கட்டடத்தைச் சூழ வெள்ளையர் கூட்டம் திரண்டது. விசாரணையின்றித் தூக்கிலிடும் வழக்கம் அந்நாட்டில் நிலவியதை நன்கறிந்த கிறீன்வூட் மக்களுட் சிலர், முதல் உலகப் போரிற் பணியாற்றி மீண்டோர் உட்பட, ஆயுதத்துடன் சென்று அவனைக் காக்க முன்வந்தனர். வெடியொன்று கேட்டது. அதன்பின் பொலிசார் நூற்றுக்கணக்கான வெள்ளையரைத் தற்காலிக அதிகாரிகளாக நியமித்தனர். யூன் 1 ஆம் திகதி விடிந்தபொழுது அக்கூட்டம் கிறீன்வூட்டினுட் புகுந்தது. வீட்டாரை வெளியேற்றிக் காவலிடங்களுக்குக் கொண்டுசென்றபின், வெறுமையான வீடுகள் கொள்ளையிடப்பட்டுத் தீ மூட்டப்பட்டன. 35 குடியிருப்புத் தொகுதிகள் அழிந்தன. செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்குப்படி 1,256 வீடுகள் எரிந்தன. இறந்தோர் தொகை 300 வரை இருக்கலாம் என்பது ஆய்வாளரின் மதிப்பீடு. ஏறக்குறைய 6,000 கறுப்பினத்தவர் தடுத்துவைக்கப்பட்டனர். கொலைக்கோ தீவைப்புக்கோ எந்த வெள்ளையரும் தண்டிக்கப்படவில்லை.

தீ அணைந்தபின் என்ன நிகழ்ந்தது? இக்கேள்வியே நமது கட்டுரையின் பொருள்.

உடைமையை இழந்தோருட் பலர் காப்புறுதி செய்திருந்தனர். தவணைப் பணத்தை ஒழுங்காகக் கட்டியும் வந்திருந்தனர். தீயினால் இழப்பு நேரின் ஈடு செய்வோம் என்பதே கம்பனி அளித்த வாக்குறுதி. இழப்பு நேர்ந்ததிலோ, அது தீயினால் நேர்ந்ததிலோ ஐயமில்லை. ஆயினும் கம்பனிகள் மறுத்தன. பத்திரத்திலிருந்த ஒரு விதியை அவை சுட்டிக்காட்டின. படையெடுப்பு, கிளர்ச்சி, கலவரம், உள்நாட்டுப் போர் ஆகியவற்றால் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளையும் இழப்புக்கும், அரச அதிகாரத்தின் ஆணையால் விளையும் இழப்புக்கும் கம்பனி பொறுப்பாகாது என்பதே அவ்விதி. அக்கால அமெரிக்கத் தீக்காப்புறுதிப் பத்திரங்களிற் பொதுவாகக் காணப்பட்ட விதி அது.

கம்பனிகளின் தரப்பு நியாயத்தையும் நாம் கேட்டல் வேண்டும். காப்புறுதி என்பது, பலர் சிறுகச் சேர்க்கும் பணத்தைக்கொண்டு சிலருக்கு நேரும் விபத்தை ஈடுசெய்யும் ஏற்பாடு. ஆயிரம் வீடுகளில் ஒன்றோ இரண்டோ ஓராண்டில் எரியும் என்ற கணக்கின்மீதே தவணைப் பணம் நிர்ணயிக்கப்படுகிறது. ஓர் ஊர் முழுவதும் ஒரே நாளில் எரியுமாயின் அக்கணக்குப் பொய்த்துவிடும். ஆதலின் அத்தகைய பேரழிவை விலக்கி வைக்கிறோம் என்பர். இவ்வாதம் கணிதத்திற் பிழையற்றது. ஆனால் அது எதை ஒப்புக்கொள்கிறது என்பது மனங்கொள்ளத்தக்கது. அடுப்பிலிருந்து பறந்த பொறிக்கு ஈடு உண்டு; அண்டை அயலார் கூடிவந்து வைத்த தீக்கு ஈடில்லை. எவர்மீது சமுதாயத்தின் பகைமை இயல்பாகப் பாயுமோ, அவருக்கே இவ்விதி முதலிற் கேடு செய்கிறது. வெள்ளையரின் மாளிகையை எரிக்க எக்கூட்டமும் வரப்போவதில்லை. அவர் கட்டிய தவணைப் பணம் அவருக்கு முழுப் பாதுகாப்பு. கறுப்பினத்தவர் அதே பத்திரத்தை வாங்கினாலும் அவர் வாங்கியது குறைந்த பாதுகாப்பே. ஒரே எழுத்து, இரு வேறு பொருள்.

வழக்குகள் தொடரப்பட்டன. அவற்றுள் மேல்நிலை நீதிமன்றம்வரை சென்று வரலாற்றில் நிலைபெற்றது, றெட்பேர்ன் என்பவர் அமெரிக்கன் சென்றல் காப்புறுதிக் கம்பனிக்கு எதிராகத் தொடுத்த வழக்கு. கிறீன்வூட்டில் ஒரு படமாளிகைக்கும் ஒரு ஹோட்டலுக்கும் உரியவராயிருந்த இவர் ஒரு வெள்ளையர் என்பதும் நினைவிற்குரியது. அவருடைய காப்புறுதித் தொகை 19,000 டொலர். கீழ் நீதிமன்றிலே தோற்று அவர் மேன்முறையீடு செய்தார். தீ வைத்தோர் பொலிஸ் அடையாளம் அணிந்திருந்தனர், ஆதலின் அவ்வழிவைக் கலவரத்தின் கணக்கிற் சேர்த்தலாகாது என்ற வாதமும் அங்கு எழுந்தது. 1926 இல் ஒக்லஹோமா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கறுப்பினத்தவரைக் கைதுசெய்தோருட் பெருந்தொகையினர் பொலிசாரின் அல்லது உதவிச் ஷெரிப்புகளின் அடையாளங்களை அணிந்திருந்தனர் என்பதையும், சிலர் படைவீரர் உடையில் இருந்தனர் என்பதையும் நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே குறித்தது. எனினும் நிகழ்ந்தது கலவரமே. இழப்பு அதன் விளைவே. கம்பனி கொடுக்கவேண்டியதில்லை என்று முடிவு செய்தது. இத்தீர்ப்பின்பின் ஏனையோருக்கு வழி அடைபட்டது. பல வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்ற ஏடுகளிற் கிடந்து, 1937 இல் தள்ளுபடி செய்யப்பட்டன.

இங்கே ஒரு பொறியமைப்பை நாம் காண்கிறோம். தீ வைத்தவர் வெறும் கூட்டத்தினர் எனின் அது கலவரம், கம்பனி கொடாது. தீ வைத்தவர் அரசின் அதிகாரிகள் எனின் அது அதிகாரத்தின் ஆணை என வாதிக்க அதே விதி இடமளிக்கிறது. அப்போதும் கம்பனி கொடாது. சரி, அதிகாரிகள் செய்த கேட்டுக்கு நகரசபை பொறுப்பேற்குமா? பொலிசாரின் செயலுக்கு நகரசபை ஈடுசெய்யக் கடமைப்பட்டதன்று என்பது அன்றைய சட்டம். 18 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட கோரிக்கைகள் நகரசபையின்முன் வைக்கப்பட்டன. ஏறத்தாழ அனைத்தும் நிராகரிக்கப்பட்டன. ஈடு பெற்றவராக அறியப்படுபவர் ஒருவர்: தமது கடையிலிருந்து துப்பாக்கிகள் எடுத்துச் செல்லப்பட்ட ஒரு வெள்ளைக் கடைக்காரர். கம்பனி இதனைப் பொது விடயம் என்றது. நகரசபை தனியார் விடயம் என்றது. இரண்டுக்கும் இடையே எரிந்த வீட்டின் சாம்பலோடு நின்றவன் குடிமகன்.

இது தவிர்க்கவியலாத விதியா? அன்று. இங்கிலாந்தில் 1886 ஆம் ஆண்டுச் சட்டம், கலவரத்தால் அழிந்த உடைமைக்கு அவ்விடத்துப் பொலிஸ் நிதியிலிருந்து ஈடளிக்க வழிசெய்தது. அமைதியைக் காக்கத் தவறிய சமூகமே அத்தவறின் விலையைச் செலுத்தவேண்டும் என்பது அதன் பின்னாலுள்ள பழைய கோட்பாடு. அமெரிக்காவிலேயே இல்லினோய் மாநிலத்தில் இத்தகைய சட்டம் இருந்தது. 1917 இல் ஈஸ்ற் சென்ற். லூயிஸ் நகரிற் கறுப்பினத்தவர் தாக்கப்பட்டபோது பாதிக்கப்பட்டோர் அதன் துணைகொண்டு நகரிடம் ஈடு பெற்றனர். ஒக்லஹோமாவில் அச்சட்டம் இல்லை. ஆகவே துல்சா மக்களின் கதியை நிர்ணயித்தது இயற்கையன்று. சட்டம் இயற்றும் அதிகாரம் எவர் கையில் இருந்தது என்பதே.

கிறீன்வூட்டின் பெரிய ஹோட்டலுக்கு உரியவரான ஸ்ராட்போர்ட் என்பவரின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். அடிமையின் மகனாகப் பிறந்து சட்டம் பயின்றவர் அவர். யூன் மாதம் கூடிய பெருஞ்சூரிகள் சபை நிகழ்ந்தவற்றின் பழியைக் கறுப்பினத்தவர் மீதே சுமத்தியது. கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டோருள் ஸ்ராட்போர்ட்டும் ஒருவர். அவர் தப்பிச் சிக்காகோ சென்றார், அங்கிருந்தே தம் காப்புறுதிக் கம்பனிமீது வழக்குத் தொடுத்தார், பயன் கிட்டவில்லை. சொத்தை இழந்தவரே சொத்தழிவுக்குக் காரணராக்கப்பட்டார். அவர்மீதிருந்த குற்றச்சாட்டு 1996 இலேயே நீக்கப்பட்டது. அவர் இறந்து அறுபது ஆண்டுகள் கழிந்தபின்.

எனினும் ஸ்ராட்போர்ட்டிடம் வழக்காட ஒரு பத்திரமாவது இருந்தது. சலவைத் தொழிலாளியிடமும் சமையற்காரியிடமும் அதுவும் இல்லை. காப்புறுதி உடையோரின் வழக்குகளே ஏட்டில் எஞ்சின. ஏனையோரின் கட்டிலும் தையல் இயந்திரமும் பாத்திரமும் எந்த வழக்கேட்டிலும் இடம்பெறாமலே சாம்பலாயின. அவர்களுட் பலர் அவ்வாண்டின் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கூடாரங்களிற் கழித்தனர். ஆசிரியையும் பத்திரிகையாளருமான மேரி ஜோன்ஸ் பரிஷ் போன்றோர் அம்மக்களின் வாக்குமூலங்களையும் இழப்பு விபரங்களையும் திரட்டி நூலாக்கியிராவிடின், அவர்கள் குரலிற் பெரும்பகுதி நமக்கு எட்டியிராது.

ஈடு மறுக்கப்பட்டதோடு நிலத்தின்மீதும் கண் விழுந்தது. தீ நிகழ்ந்த ஒரு வாரத்துள், யூன் 7 ஆம் திகதி, எரிந்த பகுதியில் இனித் தீப்பற்றாப் பொருள்களாலேயே கட்டடம் எழுப்பலாம் என்று நகரசபை விதி செய்தது. காப்புறுதிப் பணமும் கிடையாத ஏழை, செங்கல்லும் சீமெந்தும் கொண்டு மாடிக் கட்டடம் எழுப்புவது எங்ஙனம்? கட்ட முடியாதவன் விற்பான். புகையிரத நிலையத்துக்கும் கைத்தொழிலுக்கும் உகந்த அந்நிலத்தை வாங்கக் காத்திருந்தோர் வாங்குவர். இத்திட்டத்தை முறியடித்தவர்கள் கறுப்பினச் சட்டத்தரணிகளே. பி. சி. பிராங்க்ளினும் அவர்தம் தோழரும் தம் அலுவலகமும் எரிந்துபோக, ஒரு கூடாரத்தில் மேசையிட்டு வழக்காடினர். அவ்வாண்டே நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாததாக்கிற்று. மக்கள் தம் கைப்பணத்தாலும் கடனாலும் கிறீன்வூட்டை மீண்டும் கட்டினர்.

'கலவரம்' என்ற பெயரைக் காப்புறுதிக் கம்பனிகளே புனைந்தன என்று இன்று சிலர் கூறுவர். இது மிகையுரை. அக்காலத்தில் இரு இனத்தவரும் அச்சொல்லையே வழங்கினர். ஆனால் வழக்கிலிருந்த அச்சொல் கம்பனிகளின் கையில் வலிய கருவியாயிற்று என்பது உண்மை. கலவரம் என்னும்போது இரு தரப்பாரும் மோதினர், எவரும் திட்டமிடவில்லை, எவரும் பொறுப்பல்லர் என்ற தோற்றம் உண்டாகிறது. துல்சாவின் நூற்றாண்டு நினைவுக் குழு 2018 இல் தன் பெயரிலிருந்த 'கலவரம்' என்பதைப் 'படுகொலை' என மாற்றியது வெறும் சொல்லலங்காரத்துக்காகவன்று.

1958 ஐயும், 1977 ஐயும், 1983 ஐயும் 'கலவரம்' என்றே வாயளவிற் கூறிப் பழகிவிட்ட நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நம் நாட்டிலும் கலவரத்தால் நேரும் இழப்பு சாதாரணத் தீக்காப்பினுள் அடங்குவதன்று. மேலதிகக் கட்டணம் செலுத்திப் பெறவேண்டிய தனிக் காப்பே அது. ஓர் ஊர் எரிந்ததை எப்பெயரால் அழைப்பது என்ற கேள்வி, இலக்கியக்காரரின் கேள்வியாக மட்டும் இருப்பதில்லை. யார் பொறுப்பு, யார் ஈடு செய்வது என்ற கேள்விகள் அதனுள் அடங்கியுள்ளன.

துல்சாவின் வழக்கு நெடுங்காலம் நீடித்தது. 2001 இல் மாநில ஆணைக்குழு இழப்பீடு வழங்கப் பரிந்துரைத்தது. சட்டசபை பதக்கங்கள் வழங்கியது, பணம் வழங்கவில்லை. 2003 இல் தொடர்ந்த வழக்குக் காலங்கடந்தது என்று தள்ளப்பட்டது. நூறு வயதைக் கடந்த எஞ்சியோர் 2020 இல் தொடர்ந்த வழக்கையும் 2024 யூனில் ஒக்லஹோமா உயர் நீதிமன்றம் நிராகரித்தது. 2025 இல் நகர முதல்வர் 10 கோடி டொலருக்கு மேற்பட்ட தனியார் அறக்கட்டளையொன்றை முன்மொழிந்தார். அதிலும் எஞ்சியோருக்கு நேரடிப் பணக் கொடுப்பனவு இடம்பெறவில்லை.

காலங்கடந்தது என்று கூறும் நீதிமன்றங்களிடம் நாம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு. உரிய காலத்தில், 1921 இலேயே, கையிற் பத்திரத்தோடு வந்தவர்களுக்கு வழங்கப்பட்ட பதில் என்ன? அன்று விதி தடுத்தது. இன்று காலம் தடுக்கிறது. தடுப்பது விதியுமன்று, காலமுமன்று, அவற்றை எழுதும் அதிகாரமே என்பதை உணர்ந்து, அவ்வதிகாரத்தை மக்கள் கைப்பற்றும்வரை, எரிந்தவன் கணக்கு எவ்வேட்டிலும் தீர்க்கப்படாது.