கொயினாவும் அரிசியும்: 1934–35 இலங்கை மலேரியாக் கொள்ளைநோயும் கிராமிய வறுமையும்

ஆய்வுச் சுருக்கம்

1934ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலங்கையின் கேகாலை, குருணாகல் பகுதிகளில் தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோய் சுமார் 80,000 உயிர்களைப் பலிகொண்டது. அக்கால அரசாங்க அறிக்கைகள் இதனை மழை பொய்த்ததன் விளைவாகவே பெரிதும் விளக்கின. நுளம்பு பெருகியமைக்கு வறட்சி காரணமாகலாம். மக்கள் இறந்தமைக்கு அது மட்டும் காரணமாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம். உலகப் பொருளாதார மந்தம், காணியின்மை, மருத்துவ வசதியின்மை ஆகியவை நோயை மரணமாக மாற்றிய முறையையும், அந்த அனுபவம் பிற்கால மலேரியா ஒழிப்பு முயற்சிகள் பற்றிய விவாதங்களில் பெறும் இடத்தையும் கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: மலேரியா, கொள்ளைநோய், கேகாலை, சூரியமல் இயக்கம், கொயினா, டி.டி.டி.

முன்னுரை

இலங்கையில் மலேரியா என்றதும் உலர் வலயமே நினைவுக்கு வருவது வழக்கம். காடுமண்டிய குளங்கள், வயிறு வீங்கிய குழந்தைகள், ஆளொழிந்த ஊர்கள் என வன்னியைப் பற்றியும் அநுராதபுரத்தைப் பற்றியும் பிரித்தானிய அதிகாரிகள் எழுதிவைத்த சித்திரம் அத்தகையது. பண்டைய இராசரட்டை நாகரிகம் வீழ்ந்ததற்கே மலேரியாதான் காரணம் என்று மருத்துவர் லூசியஸ் நிக்கல்ஸ் 1921இல் எழுதினார். அக்கருத்து இன்றும் பாடநூல்களில் எதிரொலிக்கிறது. ஆனால் இத்தீவின் பதிவுபெற்ற வரலாற்றில் மிகக் கொடிய மலேரியா உலர் வலயத்தில் நிகழவில்லை. ஆறுகள் வற்றாத, மழை குறையாத, ஒப்பீட்டளவில் வளமானதென்று கருதப்பட்ட தென்மேற்குத் தாழ்நிலங்களின் விளிம்பில்தான் நிகழ்ந்தது. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்வதிலிருந்தே இவ்வாய்வு தொடங்குகிறது.

ஆறு வற்றிய ஆண்டு

இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் முதன்மை நுளம்பு அனோபிலஸ் குலிசிபேசிஸ் ஆகும். அரசாங்கத்தின் பூச்சியியலாளராகப் பணியாற்றிய எச். எப். கார்ட்டரின் ஆய்வுகள் இதனை உறுதிப்படுத்தியிருந்தன. இந்நுளம்பு சேற்றுநீரையோ சாக்கடையையோ நாடுவதில்லை. வெயில் படும், தெளிந்த, ஓட்டமற்ற நீரே அதற்கு உகந்தது. மகா ஓயா, தெதுறு ஓயா, களனி கங்கை போன்ற ஆறுகள் நிறைந்து ஓடும் காலங்களில் அதன் முட்டைகளும் குடம்பிகளும் அடித்துச் செல்லப்படும். ஆகவே ஈர வலயத்து மக்களுக்கு ஆற்றுப்பெருக்கே காவலாக இருந்தது.

1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் ஓட்டம் குன்றி, மணற்படுகைகளுக்கும் பாறைகளுக்கும் இடையே எண்ணற்ற குட்டைகளாகத் தேங்கின. உலர் வலயத்தில் மழைக்குப் பின் வரும் நோய், இங்கே மழையின்மையால் வந்தது. முதலில் விவாக்ஸ் வகைக் காய்ச்சலும் பின்னர் கொடிய பல்சிபாரம் வகையும் பரவின. 1935 ஏப்ரலுக்குள் நோயுற்றவர் தொகை சுமார் 15 இலட்சம் என மதிப்பிடப்பட்டது. 1931ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பில் தீவின் மொத்த மக்கள்தொகை 53 இலட்சம் அளவிலேயே இருந்தது என்பதை இத்துடன் சேர்த்து நோக்க வேண்டும்.

உலர் வலயத்தவர் குழந்தைப் பருவம் முதலே திரும்பத் திரும்ப நோயுற்று, அதற்குப் பெரும் விலை கொடுத்து, ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். மகா ஓயாப் பள்ளத்தாக்கு மக்களுக்கு அப்பாதுகாப்பு இல்லை. மருத்துவ, சுகாதாரச் சேவைப் பணிப்பாளர் பிரியர்கிளிப்பின் அறிக்கையும், பஞ்சாபில் அனுபவம் பெற்றவரான கேணல் சி. ஏ. கில்லின் அறிக்கையும் 1935இல் வெளிவந்தன. வறட்சி, நுளம்புப் பெருக்கம், எதிர்ப்பாற்றலின்மை என்னும் இயற்கைக் காரணிகளே அதிகாரபூர்வ விளக்கத்தின் மையமாயின. இவற்றில் தவறில்லை. ஆயினும் இவ்விளக்கத்தில் மனிதர் நுளம்பு கடிக்கும் உடல்களாக மட்டுமே தோன்றுகின்றனர். அவ்வுடல்கள் முந்தைய நாள் என்ன உண்டன என்ற வினா பின்னே தள்ளப்படுகிறது.

பசித்த உடல்

அவ்வினா அக்காலத்தவர்க்குப் புதியதன்று. பஞ்சாபின் 1908ஆம் ஆண்டுக் கொள்ளைநோயை ஆராய்ந்த எஸ். ஆர். கிறிஸ்தோபர்ஸ், 1911இல் வெளியிட்ட அறிக்கையில், மழையளவோடு தானிய விலையையும் இணைத்தே மலேரியா மரணங்களை விளக்கினார். பஞ்சமும் காய்ச்சலும் கூடும் இடத்திலேயே சாவு பெருகுகிறது என்பது அவரது முடிவு. அதே பஞ்சாபிலிருந்து வந்த மலேரியா அறிவின் துணையோடு இலங்கையை ஆராய்ந்தபோது, அவ்வறிவின் இந்தப் பாதி மங்கிப்போனமை கவனத்திற்குரியது.

கேகாலை மாவட்டம் இறப்பர்த் தோட்டங்கள் நிறைந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டத்தைத் தொடர்ந்து, கிராமத்தவர் சேனைப்பயிர் செய்துவந்த மேட்டுநிலங்கள் படிப்படியாகத் தோட்டங்களாயின. வயலும் வீட்டுத்தோட்டமுமே எஞ்சின. குறைவுற்ற வருவாயைத் தோட்டங்களில் கிடைத்த நாட்கூலி ஈடுசெய்தது. 1929க்குப் பின் வந்த பொருளாதார மந்தத்தில் இறப்பர் விலை சரிந்தபோது அக்கூலி மறைந்தது. தேங்காய் விலையும் வீழ்ந்தது. இந்நிலையில் 1934இன் வறட்சி நெல்லையும் அழித்தது. பிரெஞ்சு வரலாற்றாய்வாளர் எரிக் மேயர் 1982இல் எழுதிய கட்டுரை, பொருளாதார ஏற்றவிறக்கங்களையும் காலநிலை ஏற்றவிறக்கங்களையும் ஒருசேர வைத்து இக்கொள்ளைநோயை நோக்கியது. அத்தடத்திலேயே இக்கட்டுரையும் செல்கிறது.

தோட்டத் தொழிலாளரான இந்தியத் தமிழரை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். மந்தக் காலத்தில் அவர்களுள் பல்லாயிரவர் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியோரில் உயர்ந்த மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்தோரைக் குளிர்ந்த தட்பவெப்பமே காத்தது. தாழ்நில இறப்பர்த் தோட்டங்களின் நிலை வேறு. அங்கே தொழிலாளருக்கான மருத்துவக் கடப்பாடு சட்டப்படி தோட்ட நிருவாகத்தின் மீது இருந்தது. அது ஒழுங்காக நிறைவேற்றப்பட்டது என்று எவரும் எழுத முடியாது. எனினும் கொயினா எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு ஏட்டளவிலேனும் ஒரு விடை லயத்தில் இருந்தது. வேலிக்கு அப்பாலிருந்த சிங்களக் கிராமத்தவருக்கு அதுவும் இல்லை. காலனிய நல்வாழ்வுச் சட்டங்கள் உழைப்பைப் பேணவே எழுந்தன. கூலிக்காரராக எண்ணப்படாத குடியானவர் அவற்றின் பார்வைக்குள் வரவில்லை.

வைத்தியசாலைக்கு எத்தனை மைல்

கொயினா புதிய மருந்தன்று. தட்டுப்பாடான அறிவும் அன்று. குருணாகலில் 1911இலேயே மலேரியாத் தடுப்புப் பணி தொடங்கப்பட்டிருந்தது. 1926இல் களுத்துறையில் ரொக்பெல்லர் நிதியத்தின் துணையுடன் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. ஆயினும் மருத்துவமனைகள் நகரங்களிலும் பெருவீதிகளிலும் தோட்டங்களைச் சார்ந்தும் அமைந்திருந்தன. உட்கிராமத்தவர் நோயாளியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. வீட்டில் அனைவரும் ஒரே வேளையில் நடுங்கிக் கிடந்தபோது தூக்குவதற்கும் ஆளில்லை. கொள்ளைநோயின் இயல்பே இதுதான்: ஒருவர் நோயுற்றால் மற்றவர் கஞ்சி வைப்பர், எல்லோரும் நோயுற்றால் அடுப்பு எரியாது.

மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தபின் அரசாங்கம் தற்காலிகச் சிகிச்சை நிலையங்களைத் திறந்தது, பள்ளிக்கூடங்கள் வைத்தியசாலைகளாயின. இம்முயற்சியைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. எனினும் நோய் உச்சமடைந்து கொண்டிருந்தபோதே இவை உருவாயின. முன்னரே இருந்திருப்பின் எத்தனை பேர் பிழைத்திருப்பர் என்பது எண்களால் விடையளிக்கக்கூடிய வினாவன்று.

எண்களுக்கே ஒரு சிக்கல் உண்டு. கிராமங்களில் மரணத்தைப் பதிவு செய்தவர்கள் மருத்துவர்களல்லர். காய்ச்சல், வலிப்பு, பலவீனம் என்றே பெரும்பாலான இறப்புகள் ஏட்டிலேறின. ஆகவே மலேரியாவால் இறந்தோர் தொகையை, வழக்கமான ஆண்டுகளின் இறப்புகளைக் கழித்து எஞ்சுவதைக் கொண்டே ஊகிக்க வேண்டியுள்ளது. 80,000 என்பதும் அவ்வாறு பெறப்பட்ட தொகையே. அதில் குழந்தைகளின் பங்கு மிகுதி. பசியால் இறந்த குழந்தையையும் காய்ச்சலால் இறந்த குழந்தையையும் இப்பதிவேடுகளைக் கொண்டு பிரித்தறிய இயலாது. அவ்வாறு பிரிக்க முயல்வதே பொருளற்றது என்பது இவ்வாய்வாளரின் கருத்து.

பருப்பு மாத்தயா

நிவாரணப் பணியின் வரலாறு அரசியல் வரலாறாகவும் மாறியது. முதலாம் உலகப் போர் நினைவு நாளில் விற்கப்பட்ட பொப்பி மலருக்கு மாற்றாகப் பூவரச மலரை விற்ற இளைஞர்களின் சூரியமல் இயக்கம், கொள்ளைநோய்க் காலத்தில் கேகாலைப் பகுதியில் இறங்கியது. மருத்துவரும் அரசாங்க சபை உறுப்பினருமான எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர் அதில் ஈடுபட்டனர். கிராமங்களில் பரவலான ஊட்டக்குறைவை அவர்கள் கண்டனர். மருந்தோடு பருப்பும் அரிசியும் வழங்கினர். மார்மைட் என்னும் ஈஸ்ட் சாற்றை உருண்டைகளாக்கிக் கொடுத்தனர். பருப்பு கொடுத்த காரணத்தால் என். எம். பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தயா' என்ற பெயர் வழங்கலாயிற்று. கேலியாகவும் அன்பாகவும் வழங்கிய இப்பெயரை ஒரு நோயறிதல் என்றே கொள்ளலாம். அறிக்கைகள் ஆற்றங்கரைக் குட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, கிராமத்தவர் தமக்கு என்ன குறை என்பதை ஒரு பட்டப்பெயரில் சொல்லிவிட்டனர்.

1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உருவாயிற்று. 1936ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் ருவன்வெல்லவில் என். எம். பெரேராவும் அவிசாவளையில் பிலிப் குணவர்த்தனவும் வென்றனர். சர்வசன வாக்குரிமை 1931இலேயே நடைமுறைக்கு வந்திருந்தது. கொள்ளைநோய் கண்ட நிலப்பகுதியே இடதுசாரிகளின் முதல் தளங்களாக அமைந்தமை தற்செயலன்று. எனினும் இக்கட்சியின் பிற்கால எழுத்தாளர் சிலர் நிவாரணம் முழுவதையும் தம் தலைவர்களின் சாதனையாகவே சித்திரிப்பதை ஏற்பதற்கில்லை. பெயர் பதியப்படாத மருந்தாளரும் கங்காணிகளும் பள்ளி ஆசிரியரும் அங்கே உழைத்தனர்.

டி.டி.டி. யின் பெருமை யாருக்கு

1940களின் நடுப்பகுதியில் டி.டி.டி. வந்தது. 1946இல் ஆயிரவர்க்கு 20.3 ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் 14.3 ஆகக் குறைந்தது. ஒரே ஆண்டில் நிகழ்ந்த இவ்வீழ்ச்சி உலகெங்கும் மேற்கோளாயிற்று; ஏழை நாடுகளின் சாவை மருந்துத் தெளிகருவி கொண்டு வெல்லலாம் என்பதற்கு இலங்கையே சான்றாக்கப்பட்டது. பீற்றர் நியூமன் வீழ்ச்சியின் பெரும்பங்கை மலேரியாக் கட்டுப்பாட்டிற்கு அளித்தார். எஸ். ஏ. மீகமவும் வேறு சிலரும் இதனை மறுத்தனர். மலேரியா அரிதாக இருந்த மாவட்டங்களிலும் இறப்பு குறைந்ததே, அதற்கு என்ன விளக்கம் என்று அவர்கள் வினவினர். போர்க்காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு, விரிவடைந்த கிராமிய மருத்துவமனைகள், இலவச மருத்துவம் ஆகியவை அவர்களது விடைகள்.

இவ்விவாதத்தில் ஒருபக்கம் முற்றிலும் சரியென்று கொள்ள வேண்டியதில்லை. மலேரியா மிகுந்த மாவட்டங்களில் வீழ்ச்சி பெரிதாக இருந்தமை உண்மை. ஆனால் 1934–35ஐ அறிந்தவர்க்கு மீகமவின் வினா அந்நியமாகத் தோன்றாது. அப்போது இல்லாதிருந்த இரண்டு, பங்கீட்டு அரிசியும் நடந்து செல்லும் தூரத்தில் வைத்தியசாலையும், 1947இல் இருந்தன. 1968–69இல் நிகழ்ந்தது இதற்கு ஒரு மறுசான்று. 1963இல் 17 நோயாளரே பதிவான நிலையில் தெளிப்பு நிறுத்தப்பட, நோய் மீண்டெழுந்து 1969இல் மட்டும் ஐந்து இலட்சத்தைக் கடந்தது. ஆயினும் 1935ஐப் போன்ற சாவு நிகழவில்லை. அந்நோயில் பெரும்பகுதி விவாக்ஸ் வகையினது என்பது ஒரு காரணம். உடனே சிகிச்சை பெறக்கூடிய, பட்டினியற்ற மக்கள் என்பது மற்றொரு காரணம்.

பின்னர் நிகழ்ந்தவை சுருக்கமாகச் சொல்லத்தக்கவை. டி.டி.டி. யை நுளம்பு தாங்கப் பழகியதால் 1977இல் மலத்தியன் புகுந்தது. போர்க்காலத்தில் வடக்கும் கிழக்கும் நோயின் முதன்மைக் களங்களாயின. 1999இல் தீவு முழுவதும் 264,549 பேர் நோயுற்றனர். மோதல் நடந்துகொண்டிருந்த பகுதிகளுக்குள்ளும் மருந்தும் வலையும் செல்ல இரு தரப்பினரும் இடமளித்தனர். நடமாடும் சிகிச்சைக் குழுக்கள் கிராமங்களுக்கே சென்று குருதி பரிசோதித்தன. கேகாலைக்கு 1934இல் கிட்டாதது, நோயாளியைத் தேடிச் செல்லும் மருத்துவம், முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் போருக்கு நடுவே ஓரளவேனும் கிட்டியது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் ஸ்டீபென்சி நுளம்பு முதன்முறையாக இலங்கை மண்ணில் கண்டறியப்பட்டது. அது ஆற்றுக் குட்டைகளை எதிர்பார்த்திருப்பதில்லை. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகுவது.