மலைக்கோட்டையில் முறிந்த சத்தியங்கள்

நயவஞ்சக அரசியலைச் சுட்ட ஆங்கிலத்தில் 'மாக்கியவெல்லியன்' என்ற அடைமொழி 16ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. பிளாரன்ஸ் நகரத்து மாக்கியவெல்லியின் 'இளவரசன்' அச்சேறியது 1532இல், அவர் இறந்து ஐந்தாண்டு கழித்து. வாக்குத் தவறியவர்கள் இத்தாலியச் சிற்றரசர்கள். அதை எழுதிவைத்தவர் தலையில் பழி விடிந்தது. திருச்சியில் அப்படிப் பெயர் கெட்டுப்போனவர் சந்தா சாகிப். அவர் குற்றமற்றவர் அல்லர். ஆனால் அவரை மட்டும் வஞ்சகர் என்று ஒதுக்கினால் திருச்சியின் 18ஆம் நூற்றாண்டு நமக்குப் பிடிபடாது. திருச்சியை ஆண்ட விஜயரங்க சொக்கநாத நாயக்கர் பிள்ளையின்றி இறந்தபின் அவர் மனைவி ராணி மீனாட்சி ஆட்சிக்கு வந்தார். பங்காரு திருமலை உரிமைக்குப் போட்டியிட்டார். ராணி ஆற்காட்டு நவாபின் மருமகனான சந்தா சாகிப்பை நாடினார். அவர் குர்ஆன் மீது ஆணையிட்டதாகவும், பளபளக்கும் உறைக்குள் இருந்தது வெறும் செங்கல் என்றும் கதை சொல்லும். 1736இல் கோட்டைக்குள் நுழைந்தவர் ராணியையே சிறைவைத்தார். ராணி நஞ்சுண்டு மாண்டார்.

செங்கல் கதை எதிரிகள் கட்டிவிட்டதாக இருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கட்டும், நண்பராக வந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டது அதனால் பொய்யாகிவிடாது. கவனிக்க வேண்டியது, அந்தக் கோட்டைக்குச் சத்தியம் ஏன் தேவைப்பட்டது என்பதைத்தான். மதிலும் அகழியும் சூழ்ந்த அதைப் பீரங்கியால் எளிதில் பிடிக்க முடியாது. பின்னர் கோட்டையை இழந்த அதே சந்தா சாகிப் 1751இல் பிரெஞ்சுப் படையோடு முற்றுகையிட்டும் பலிக்கவில்லை. நவாப் பதவிக்கு அவரோடு போட்டியிட்டு உள்ளே இருந்த முகமது அலி, திருச்சியையே தருவதாகச் சொல்லி மைசூரின் நஞ்சராஜரைத் துணைக்கு அழைத்தார். நிலை மாறியது. பிரெஞ்சுத் தளபதி லா காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கத் தீவுக்குப் பின்வாங்கி, கோயில் மதில்களைக் கோட்டையாக்கிக்கொண்டார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உணவு வரும் வழி அடைபட்டது. தப்ப வழியின்றி, முகமது அலிக்குத் துணைநின்ற தஞ்சைத் தளபதி மனோஜியின் சத்தியத்தை நம்பி சந்தா சாகிப் சரணடைந்தார். 1752 ஜூனில் அவர் தலை வெட்டப்பட்டது.

எல்லோரும் செய்ததுதானே என்று இதைக் கொண்டு சந்தா சாகிப்பை விடுவிக்க முடியுமா? முடியாது, தன்னை நம்பியவளின் சாவு அவர் கணக்கில்தான் சேரும். அதே தராசில் முகமது அலியையும் வைக்க வேண்டும் என்பதே என் வழக்கு. வென்றதும் அவர் திருச்சியைக் கொடுக்க மறுத்தார். ஏமாந்த நஞ்சராஜர் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தார். மைசூர்ப் படை 1755 வரை ஸ்ரீரங்கத்தை விட்டு அகலவில்லை. திருச்சிச் சீமை மறுபடியும் போர்க்களமாயிற்று. விளைவை வைத்துப் பார்த்தால் இந்த வாக்குப் பிறழ்வு சிறியதன்று. ஆனால் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நண்பர் என்பதால் முகமது அலி 1795இல் இறக்கும்வரை நவாபாகவே இருந்தார். வஞ்சகர் என்ற பெயரைத் தோற்றவரே சுமந்தார்.