அட்டைக் கோப்பும் மின்கோப்பும்

2025-ல் புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதன்முறையாக சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள். அதற்கு முன் அங்கே பத்தாம் வகுப்பில் இருந்தது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். அந்த முறையில் அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் போனால், மற்றப் பாடங்களில் நூறும் எழுத்துத் தேர்வுக்குத்தான். புதிய முறையில் 80 மதிப்பெண் தேர்வுக்கு, 20 பள்ளியின் கையில். அந்த 20-ஐ நான்கு ஐந்துகளாகப் பிரித்திருக்கிறார்கள்: பீரியாடிக் டெஸ்ட், பலவகை மதிப்பீடு, பாடச் செறிவூட்டல், நான்காவதாகப் போர்ட்ஃபோலியோ, அதாவது பிள்ளை தன் வேலைகளைச் சேர்த்துவைக்கும் கோப்பு. முன்பு நோட்டுகளைத் திருத்தக் கொடுப்பதற்கு இருந்த 5 மதிப்பெண்ணின் இடத்தில் வந்தது இது. ஒதியம்பட்டு மாதிரி வில்லியனூர் கொம்யூன் ஊர்களில் போர்ட்ஃபோலியோ என்ற பேச்சு வீட்டுக்குள் நுழைந்தது இந்த ஐந்து மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டுதான்.

ஆகவே கேள்வி இங்கே உண்மையான கேள்வி. அந்தக் கோப்பு அட்டையில் இருக்க வேண்டுமா, திரையில் இருக்க வேண்டுமா?

இரண்டையும் அளக்க ஒரு கோல் வேண்டும். செலவையோ அழகையோ நான் கோலாகக் கொள்ளவில்லை. பிள்ளை தன் வேலைகளில் எதை வைப்பது என்று தானே தேர்ந்தெடுத்ததா, ஏன் அதை எடுத்தது என்று தன் வாயால் சொன்னதா என்ற இரண்டையும்தான் பார்க்கிறேன். இவை இல்லாத கோப்பு எவ்வளவு தடியாக இருந்தாலும் காகிதக் கட்டுதான், எத்தனை ஜி.பி. இருந்தாலும் கிடங்குதான்.

அட்டைக் கோப்பின் நேற்றைய கதை நமக்குத் தெரியும். சி.பி.எஸ்.இ. 2009-ல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டைக் கொண்டுவந்து 2017-ல் கைவிட்டது. தமிழ்நாட்டில் 2012-13 முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையோடு அது வந்தது: வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. எண்ணம் நல்ல எண்ணம். நடந்தது வேறு. ஸ்டேஷனரி கடைகளில் தலைவர்கள் படம், பறவைகள் படம், உணவுச் சங்கிலிப் படம் எனத் தாள் தாளாக விற்றது. பிள்ளை கேட்கும், அம்மா வாங்குவார், அக்கா வெட்டி ஒட்டுவாள், ஆசிரியர் கையெழுத்துப் போடுவார். அந்த வேலையில் பிள்ளையின் சிந்தனை எங்கே இருந்தது என்று தேடினால் பெயர் எழுதிய லேபிளைத் தவிர ஒன்றும் அகப்படாது. போர்ட்ஃபோலியோவுக்கும் இதே கதி நேரும் வாய்ப்பு பெரியது. 5 மதிப்பெண்ணில் 5 போடுவது எல்லோருக்கும் வசதி.

ஆனாலும் அட்டைக்கு உள்ள பலத்தை மறுக்கக் கூடாது. மின்சாரம் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், சிக்னல் வேண்டாம். தரையில் பதினைந்து தாளைப் பரப்பி, அதில் மூன்றை எடு என்று ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் சொன்னால் அது குனிந்து நகர்த்தி ஒப்பிட்டு எடுக்கும். கைப்பேசியின் சின்னத் திரையில் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தால் அந்த ஒப்பீடு நடக்காது. இன்னொன்று, அட்டையில் இடம் குறைவு. இடம் குறைவாக இருப்பதாலேயே எதையாவது விட்டாக வேண்டும். விடும்போதுதான் எது நல்லது என்ற யோசனை வருகிறது. மின்கோப்பில் எதையும் விட வேண்டாம். அது எல்லாவற்றையும் விழுங்கும். தேர்ந்தெடுத்தல் என்ற ஒரு விஷயத்தில், தொடக்க வகுப்புகளுக்கு அட்டையே மேல் என்பது என் முடிவு.

மின்கோப்பு மேலே ஏறுவது வேறு இடத்தில். அந்த இடம் ஒதியம்பட்டுக்கு மிக முக்கியமானது: குரல்.

பாடத்திட்டம் மாறியபோது மதிப்பெண் முறை மட்டும் மாறவில்லை. அறிவியலும் சமூக அறிவியலும் ஆங்கிலப் புத்தகமாக வந்தன. தமிழ்வழியில் எழுதப் படிக்கக் கற்ற பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் ஆவியாதல் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுத வேண்டும். என்ன செய்யும்? கையேட்டைப் பார்த்து எழுதும். அட்டைக் கோப்பில் அந்தப் பத்தி பிழையில்லாமல், அழகான கையெழுத்தில், சிவப்பு மையில் அடிக்கோடிட்டு இருக்கும். புரிந்து எழுதியதா, பார்த்து எழுதியதா என்று அந்தத் தாள் சொல்லாது. அதே பிள்ளையிடம், “மண்பானையில தண்ணி ஏன் சில்லுனு இருக்கு, சொல்லு பாப்பா” என்று கேட்டு ஒரு நிமிடம் பதிவு செய்து பாருங்கள். பானையின் சுவரில் கசிவதையும், காற்று பட்டு அது ஆவியாவதையும், போகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதையும் தன் பேச்சில் சொல்லிவிட்டால் பாடம் அதற்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். திக்கினால் எந்த இடத்தில் திக்கியது என்பதே ஆசிரியருக்கு அடுத்த பாடம். ஆங்கிலம் வராததை அறிவியல் வராததாக எழுதிவிடும் அநியாயத்தைத் தடுக்க ஒரு நிமிடக் குரல் போதும். நான் மின்கோப்பின் பக்கம் சாய்வதற்கு வேறு எந்தக் காரணமும் இவ்வளவு பெரிதில்லை.

அந்தக் குரல் வீட்டிலும் வேலை செய்யும். வயலுக்கோ கம்பெனிக்கோ போய்வந்த அம்மாவுக்கு ஆங்கிலத் தாளைப் புரட்டி என்ன தெரியும்? மகள் பேசுவது புரியும். ஜூனில் பேசியதையும் ஜனவரியில் பேசியதையும் அடுத்தடுத்துக் கேட்டால், முன்னேறியிருக்கிறாளா என்று யாரும் விளக்கத் தேவையில்லை. அட்டையால் இந்த வேலையைச் செய்யவே முடியாது.

குரலைப் போலவே தாளில் அடங்காத வேறு வேலைகளும் உண்டு. வில்லியனூர்ச் சுடுமண் கைவினை புவிசார் குறியீடு பெற்றது. இந்தப் பக்கத்துப் பிள்ளை களிமண்ணில் குதிரை செய்தால் அதை எந்தக் கோப்பில் சொருகுவது? குழைத்தபோது, கால் ஒடிந்தபோது, திரும்ப ஒட்டியபோது என மூன்று படம் எடுத்தால் செய்த விதமே கோப்பாகிவிடும். அட்டைக் கோப்பு முடிந்த பொருளைத்தான் கேட்கிறது. மின்கோப்பு முடியாததையும் வைத்துக்கொள்ளும்: அடித்துத் திருத்திய முதல் கட்டுரை, தப்பான கணக்கு, அதைச் சரி செய்த வழி. மழையையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் பெய்தது. சங்கராபரணி ஆறு பெருகி வில்லியனூர்த் தாழ்விடங்கள் மூழ்கின. காகிதம் அந்த மழைக்கு நிற்காது.

இவ்வளவு சொன்ன பிறகு மின்கோப்பு நடைமுறையில் எப்படிக் கெட்டுப்போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அட்டைக் கோப்பின் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதை மின்கோப்பு என்று கொள்வது முதல் கேடு. கடையில் வாங்கிய படம் இப்போது திரையில் தெரிகிறது. வேறு மாற்றம் இல்லை. அடுத்தது, அது யாருடைய கருவியில் இருக்கிறது என்பது. பள்ளியில் மாணவர் கைப்பேசிக்கு இடமில்லை; வீட்டுக் கைப்பேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். கடைசியில் எல்லாம் டீச்சரின் சொந்தக் கைப்பேசியில் சேரும். அந்த டீச்சருக்குக் காரைக்காலுக்கு மாறுதல் வந்தால் நாற்பது பிள்ளைகளின் ஓராண்டு வேலையும் அந்தக் கைப்பேசியோடு காரைக்காலுக்குப் போய்விடும். அட்டைக் கோப்பு பழைய பீரோவிலாவது கிடக்கும்.

இடவசதி ஒரு பிரச்சினையே இல்லை. நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு இருபது பதிவு, ஒன்று 2 எம்.பி. என்றாலும் 1.6 ஜி.பி.தான், இலவசமாகக் கிடைக்கும் ஒரு கூகுள் கணக்கில் 15 ஜி.பி. இருக்கிறது. இல்லாதது நேரம். ஒரு பிள்ளையோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்து கோப்பைப் பேசினால் நாற்பது பேருக்கு 200 நிமிடம், அதாவது ஐந்து பீரியட். அதுவும் ஒரு பாடத்துக்கு மட்டும். அந்த ஐந்து பீரியடைக் கால அட்டவணையில் ஒதுக்காமல் மின்கோப்பு தொடங்கச் சொல்வது ஆசிரியர் தலையில் இன்னொரு பதிவேற்ற வேலையைக் கட்டுவதுதான். அனுமதி விஷயமும் உண்டு: 2023-ன் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள், பெற்றோர் ஒப்புதலைக் கேட்டு வாங்க வேண்டும். முகம் தெரியாமல் கையையும் வேலையையும் மட்டும் படமெடுத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

கோப்பைப் படிக்க ஆள் இருக்கிறாரா என்பதிலும் இரண்டும் வேறுபடுகின்றன. பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற கிராமத்து ஆசிரியர் 1924-ல் பார்-சுர்-லூ பள்ளிக்குள் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே அச்சுக்கோத்து, தூரத்துப் பள்ளிகளுக்கு அனுப்பிப் பதிலும் வாங்கினார்கள். மதிப்பெண்ணுக்காக இல்லாமல் படிக்கப்போகும் இன்னொரு பிள்ளைக்காக எழுதியதால் அந்த எழுத்துக்கு உயிர் இருந்தது. அன்று அச்சுக்கூடம் செய்ததை இன்று கைப்பேசி செய்யும். ஒதியம்பட்டு வகுப்பு ஊசுட்டேரிப் பறவைகளைப் பற்றிப் பேசியதை பாகூர் ஏரிக்கரையில் உள்ள ஒரு வகுப்பு கேட்டு, தங்கள் ஏரியைப் பற்றிப் பதில் பேசி அனுப்பலாம். சி.பி.எஸ்.இ.யின் ஐந்து மதிப்பெண்ணுக்கு இது தேவையில்லை. பிள்ளைக்குத் தேவை.

இரண்டும் நேராக மோதும் இடம் பள்ளி மாறும் நாள். நம் கிராமங்களில் பல பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் வேறு பள்ளிக்குப் போகிறார்கள். கூடப் போவது டி.சி. மட்டும். ஐந்தாண்டு அட்டைக் கோப்புகள் எடைக்குப் போகும், இல்லையென்றால் வீட்டுப் பரணில் ஏறும். புதிய ஆசிரியர் அந்தப் பிள்ளையை முதல் தேர்வின் மதிப்பெண்ணை வைத்துத்தான் அறிகிறார். 2020 தேசியக் கல்விக் கொள்கை சொன்ன முழுமையான முன்னேற்ற அட்டையில் பிள்ளையும் உடன்படிப்போரும் தரும் மதிப்பீட்டுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். அதுவும் கட்டத்தில் குறியிடுவதாகவே முடிந்துவிடக் கூடும். இங்கே மின்கோப்புக்கு மாற்றே இல்லை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டு முழுவதும் அட்டையிலேயே சேர்க்கட்டும். பருவ முடிவில் தரையில் பரப்பிப் பிள்ளை மூன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். அந்த மூன்றுக்கும் படம், ஏன் எடுத்தேன் என்று தமிழில் ஒரு நிமிடக் குரல். அவை டீச்சர் பெயரில் இல்லாமல் பள்ளியின் கணக்கில், பிள்ளைக்கென ஓர் உறையில் இருக்கட்டும், டி.சி. வாங்கும் நாளில் ஒரு பிரதி பெற்றோர் கைக்கும் ஒன்று புதிய பள்ளிக்கும் போகட்டும். ஆண்டுக்கு மூன்று பருவம், பருவத்துக்கு மூன்று என்று வைத்தால் ஆண்டுக்கு ஒன்பது, ஐந்தாண்டில் நாற்பத்தைந்து. ஆறாம் வகுப்பு ஆசிரியர் ஆண்டின் முதல் வாரத்தில் அத்தனையையும் கேட்க வேண்டியதில்லை; கடைசி மூன்றைக் கேட்டால் போதும்.