வைத்தியர் ஊரில் நிற்க வேண்டுமென்றால்

உயர்தரப் பெறுபேறு வந்ததும், மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகக்கூடிய பிள்ளைகளின் படங்களை நாங்கள் எல்லோரும் பகிர்ந்து மகிழ்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், மகிழ வேண்டியதுதான். ஆனால் அவர்களில் எத்தனை பேர் படித்து முடித்து நமது கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கு வருவார்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. இந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் 150 வருஷத்துக்கு மேல் வயது.

கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870 ஜூன் 1ஆம் திகதி, ஆளுநர் சேர் ஹேர்க்கியூலிஸ் றொபின்சன் காலத்தில் தொடங்கியது. அதற்குக் காரணமாக இருந்தது கொழும்பு அல்ல, வன்னி. பறங்கிப் புண் என்ற நோய் பரவி, அங்கே கிராமங்கள் ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்தன. அதை ஆராய்ந்த டொக்டர் ஜேம்ஸ் லூஸ், உள்ளூர்ப் பிள்ளைகளையே வைத்தியர்களாகப் பயிற்ற வேண்டும் என்றார். கல்லூரியின் முதல் அதிபரும் அவரே. ஆனால் வன்னியின் நோய்க்காக எழுந்த கல்லூரி, தலைநகரில், ஆங்கிலத்தில் நடந்தது.

அதற்கு 22 வருஷங்களுக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் வேறொரு முயற்சி ஆரம்பமாகியிருந்தது. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த வருஷமே மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். பின்னர் மானிப்பாய்தான் அவருடைய தளமானது. முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். ஆங்கிலம் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியே போனார்கள். தமிழில் படித்தவர் தன் ஊரிலேயே நின்று வைத்தியம் செய்வார் என்பது கிறீனின் கணக்கு. எனவே 1860களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் பாடநூல் இல்லை. அதையும் அவரும் அவருடைய மாணவர்களுமாகச் செய்தார்கள். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று நூல்கள் வெளிவந்தன. 1873இல் அவர் நாடு திரும்பும்போது 60க்கும் மேற்பட்டோர் அவரிடம் வைத்தியம் கற்றிருந்தார்கள்.

அவர் மதம் பரப்பவும் வந்தவர்தான். அதற்காக அவர் செய்த நல்ல வேலையை நாங்கள் மறுக்க வேண்டியதில்லை.

கிறீன் போய் நூறு வருஷத்துக்குப் பிறகு, 1978இல்தான் யாழ்ப்பாணத்துக்கு மருத்துவ பீடம் கிடைத்தது. கிழக்குக்கு அது 2000க்குப் பிறகே வந்தது. இவை பெரிய பேறுகள். ஆனால் கட்டடம் எங்கே நிற்கிறது என்பதோடு, படித்தவர் எங்கே நிற்பார் என்பதையும் கிறீன் யோசித்தார். இன்று மருத்துவத்தைத் தமிழில் படிப்பிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அவருடைய கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அதற்கான பதிலின் ஒரு பகுதி ஆசிரியர்களான எங்கள் கையிலும் இருக்கிறது. "டொக்டராக வா" என்று வகுப்பில் சொல்லும் நாங்கள், "ஊருக்குத் திரும்பி வா" என்பதையும் சேர்த்துச் சொல்கிறோமா? வந்த வைத்தியருக்கு வீடு, அவர் பிள்ளைக்கு நல்ல பாடசாலை என்று ஊராக நாம் எதைச் செய்து வைத்திருக்கிறோம்? அடுத்த பெறுபேறு வருவதற்குள் இதைப் பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் பேசத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.