வலுவிழந்தோரும் திட்டம் வகுப்போரும்

ஒருவருடைய தேவை இன்னதென்று எடுத்துரைக்கத் தக்கவர் யார்? அத்தேவையோடு நாள்தோறும் வாழ்பவரா? அன்றி, அதற்குப் பணம் ஒதுக்கும் அதிகாரம் பெற்றவரா? வலுவிழந்தோர் நலப்பணியின் வரலாறு நெடுகிலும் இவ்வினா எழுந்துகொண்டே வந்திருக்கின்றது. இதற்குச் சட்டத்தின் வாயிலாக விடை காண முயன்ற நாடுகளுள் அவுஸ்திரேலியாவும் ஒன்று. அம்முயற்சியின் நடுவே நிறுத்தப்பெற்ற ‘திட்டம் வகுப்பவர்’ என்னும் அலுவலரைப் பற்றியே இன்று நேயர்களுக்குச் சில கூற விழைகின்றேன்.

மெல்பேண் நகரில் 1887 ஆம் ஆண்டு ‘கியூ கொட்டேஜஸ்’ என்னும் இல்லம் திறக்கப்பெற்றது. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளை மனநோயாளர் விடுதியினின்றும் பிரித்துப் பேணுதலே அதன் நோக்கம். அக்காலத்தில் அதனை முன்னேற்றம் என்றே கொள்ளல் வேண்டும். ஆயினும், பிள்ளைகளாக உள்ளே சென்றோர் பலர் வளர்ந்து முதுமை எய்திய பின்னரும் அங்கேயே வாழ்ந்தனர். உண்ணும் வேளையையும் உறங்கும் வேளையையும் நிருவாகமே வகுத்தது. 1996 ஏப்பிரல் 8 ஆம் நாள் இரவு அங்கு மூண்ட தீயில் ஒன்பது ஆடவர் உயிரிழந்தனர். 2008 இல் அவ்வில்லம் மூடப்பட்டது.

இத்தகைய இல்லங்களுக்கு மாற்றுவழி எண்ணப்படாமல் இல்லை. நியூசிலாந்து நீதியரசர் ஓவன் வூட்ஹவுஸ் தலைமையில் அமைந்த குழு, 1974 இல் நாடு தழுவிய இழப்பீட்டு, புனர்வாழ்வு ஏற்பாடொன்றை அவுஸ்திரேலிய அரசுக்குப் பரிந்துரைத்தது. 1975 நவம்பரில் விற்லம் அரசு பதவியினின்றும் நீக்கப்பட, அம்முயற்சியும் அத்துடன் நின்றது. பின்னர், 1988 இல் மேற்கு அவுஸ்திரேலியாவின் அல்பனி என்னும் ஊரில் வேறொரு முறை தோன்றியது. பகுதி இணைப்பாளர் ஒருவர் அவ்வூரிலேயே தங்கி, ஒரு சில குடும்பங்களை நன்கறிந்து, அவர்களுக்கு வேண்டிய துணையைத் தேடிக் கொடுத்தார். பிற்காலத் திட்டம் வகுப்போருக்கு இவரை ஒருவகை முன்னோடி எனலாம்.

எனினும், பெரும்பாலான இடங்களில் அரசின் பணம் நிறுவனங்களுக்கே சென்றது. அந்நிறுவனத்தில் இடமுண்டாயின் உதவி கிட்டும். இல்லையாயின் காத்திருத்தல் வேண்டும். 2011 இல் உற்பத்தித்திறன் ஆணைக்குழு இம்முறையை ஆராய்ந்து, நிதி போதாமையையும் நீதியின்மையையும் எடுத்துக்காட்டியது. அதன் பயனாக 2013 இல் தேசிய வலுவிழந்தோர் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு ஜூலை முதலாம் நாள் சில பகுதிகளில் பணி தொடங்கியது. அடுத்த ஆண்டு, இதன் செலவுக்கென மெடிக்கெயார் வரி நூற்றுக்கு 1.5 இலிருந்து 2 ஆக உயர்த்தப்பட்டது. அதுமுதல் பணம் நிறுவனத்தைச் சாராது மனிதரைச் சாரலாயிற்று.

மனிதரைச் சார்ந்த பணத்தை அளந்து கொடுக்க ஒருவர் வேண்டுமன்றோ? அவரே திட்டம் வகுப்பவர். சட்டத்தின்படி ஒவ்வொருவருடைய திட்டத்திலும் இரு பகுதிகள் உள. முதற் பகுதி, தாம் எவ்வாறு வாழ்கின்றார், எவற்றை அடைய விரும்புகின்றார் என்று வலுவிழந்தவர் தாமே கூறுவது. மற்றையது, அவருக்கு வழங்கப்படும் உதவிகளை அதிகாரம் பெற்ற அலுவலர் ஏற்றுக்கொள்வது. அவ்வுதவி நியாயமானதும் அவசியமானதுமாய் இருத்தல் வேண்டும். கொடுக்கும் பணத்துக்குத் தக்க பயன் தருதல் வேண்டும். குடும்பத்தாரும் அயலாரும் இயல்பாகச் செய்யத்தக்க உதவி எவ்வளவு என்பதும் கருதப்படும்.

ஒரே வகைக் குறைபாடுடைய இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவரை உடல்வலிமை மிக்க சகோதரர் நாள்தோறும் தூக்கிச் சக்கர நாற்காலியில் அமர்த்துகின்றார். மற்றவருக்குத் துணை எழுபது வயதைக் கடந்த தாய் மட்டுமே. மருத்துவச் சான்றிதழில் இருவரும் ஒன்றே. வாழ்க்கையிலோ வேறு வேறு. ‘காலையில் உங்களை எழுப்புபவர் யார்? அவர் நோயுற்றால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டறிந்தாலன்றி இவ்வேறுபாடு புலப்படாது. திட்டம் வகுப்பவரின் தொழில் கணக்கில் முடிவதாயினும் செவியிலேயே தொடங்குகின்றது.

நடைமுறையில் நிகழ்ந்தது யாது? 2016 முதல் நாடெங்கும் விரைவாக ஆட்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று. பல திட்டங்கள் தொலைபேசியிலேயே வகுக்கப்பட்டன. விரைவு கருதித் திட்டங்களின் தரம் குன்றியதை அதே ஆணைக்குழு 2017 இல் சுட்டிக்காட்டியது. அவ்வாண்டிலேயே ஒரு வழக்கின் தீர்ப்பும் வெளிவந்தது. விக்டோரியா மாநிலத்தின் கிராமப்புறத்தில் வாழ்ந்த இளைஞர் ஒருவர் வேலைத்தலத்துக்குச் சென்றுவர வாடகைக் காரை நம்பியிருந்தார். அச்செலவில் ஏறக்குறைய முக்காற் பங்கே அவருக்கு அளிக்கப்பட்டது. ஓர் உதவி நியாயமானதும் அவசியமானதும் எனக் கொண்டபின் அதன் செலவை முழுவதும் ஏற்க வேண்டுமேயன்றி ஒரு பங்கை மட்டும் கொடுத்தல் தகாது எனச் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது.

திட்டம் முடிவாகும் முன்னர் அதன் வரைவை உரியவருக்குக் காட்டுதல் வேண்டுமெனப் பாராளுமன்றக் கூட்டுக்குழு 2020 இல் பரிந்துரைத்தது. தமது வாழ்க்கையைப் பற்றிய ஏட்டை, அது முடிந்த பின்னரே பலர் கண்டனர் என்பது இதனால் விளங்கும். 2023 இல் வெளிவந்த மீளாய்வு இன்னும் ஒருபடி மேற்சென்றது. தேவையை மதிப்பிடுபவர் ஒருவராகவும், கூடவே நின்று வழிகாட்டுபவர் வேறொருவராகவும் இருத்தல் நன்று என்றது. அப்பொழுது ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இக்காப்புறுதியில் இணைந்திருந்தனர். செலவைக் கட்டுப்படுத்தும் கவலையும் மிகுந்திருந்தது. தேவை மதிப்பீட்டின்மேல் தொகையை வகுக்கும் புதிய முறைக்கு 2024 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வழிசெய்தது.

பொதுப்பணத்தைக் காத்தல் கடமையே. அதனை மறுப்பாரில்லை. ஆனால், கியூ இல்லத்தில் வாழ்ந்தோரிடம் எவரும் கேளாதிருந்த வினாவைக் கேட்பதற்கென்றே இப்பதவி உண்டாயிற்று. அலுவலரின் பெயர் மாறலாம், படிவம் மாறலாம். எதிரே இருப்பவர் தம் வாழ்க்கையைத் தம் சொல்லாற் கூற, அதனைப் பொறுமையுடன் கேட்டு எழுதும் கடமை மட்டும் மாறுதல் கூடாது.